அவர் தேறிவிட்டார், நான் தேறவில்லை

கேள்வி:

எனக்கு 43 வயது. அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. போன வருஷம் ஆவணி மாதம் நடுராத்திரியில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்தது. 108க்குப் போன் செய்து மதுரைக்குக் கொண்டுபோனோம். ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாளே இதயத்துடிப்பு தாறுமாறாகி ஐசியுவில் கூடுதலாகச் சில நாட்கள் இருக்கவேண்டியதாயிற்று. அத்தனை நாளும் ஐசியு வாசலில்தான் இருந்தேன்.

இப்போது பத்து மாதம் ஆகிவிட்டது. அவர் நன்றாகத் தேறிவிட்டார். காலையில் நடக்கிறார், கடையையும் பார்த்துக்கொள்கிறார். அவருடைய மாத்திரை, பிபி, சாப்பாட்டில் உப்பு எல்லாம் நான் கவனித்துக்கொள்கிறேன். ஆனால் நான் தேறவில்லை. தினமும் விடியற்காலை 3 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். சந்தேகமாக இருந்தால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அப்புறம் தூக்கம் வராது. கரண்டி கீழே விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. போன் அடித்தால் வயிறு கலங்குகிறது. வருஷக்கணக்காக நடத்திய கணக்கு வகுப்பில் பாதியில் மறந்துபோகிறது. போன வாரம் பையன் தண்ணீர் பாட்டிலைத் தட்டிவிட்டதற்கு நான் கத்திய கத்தலில் அவன் அழுதுவிட்டான். ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். தூக்கத்துக்கு ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். நாலு மாதமாகப் போடுகிறேன். "அவரே நல்லா இருக்காரு, உனக்கு என்ன வந்துச்சு?" என்கிறார் நாத்தனார். இது நரம்புத் தளர்ச்சியா? மனநோயா? நான் பழையபடி ஆவேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

மனநல மருத்துவர் பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியாகக் கேட்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். நீங்களும் தேறுவீர்கள் என்றே நம்புகிறேன். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும், நீங்களும் வீட்டாரும் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருக்கும். தூக்க மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால் அது நடக்காது. "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொல்வதாலும் நடக்காது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தன் உடம்பில் என்ன நடக்கிறது என்று புரிந்தாலே பயம் கணிசமாக இறங்குவதை ஓபியில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஐசியுவில் படுத்திருந்தவர் மட்டுமில்லாமல், வாசலில் காத்திருந்தவரும் மாதக்கணக்கில் அவதிப்படுவார் என்பதை மருத்துவ உலகம் தாமதமாகத்தான் கவனித்தது. தீவிர சிகிச்சை நிபுணர்கள் கூடிப் பேசி, குடும்பத்தாருக்கு வரும் இந்தத் தொந்தரவுகளுக்கு 2012இல் தனிப் பெயரே கொடுத்தார்கள். தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு, அந்த நாட்களின் காட்சிகள் திரும்பத் திரும்ப மனதில் வருவது எல்லாம் அதில் அடக்கம். நம் ஊரில் இதன் பாரம் இன்னும் கூடுதல் என்பது என் எண்ணம். இங்கே அட்டெண்டர் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவர் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு ஃபார்மஸிக்கு ஓடுவது, காப்பீட்டு கவுன்ட்டரில் ரேஷன் கார்டு நகலோடு நிற்பது, படித்துப் பார்க்க அவகாசமில்லாத தாளில் கையெழுத்துப் போடுவது, ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு போனுக்கும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்வது என அத்தனையும் ஒரே ஆள் தலையில் விழும். இதற்கிடையே ஐசியு கதவு திறக்கும். நர்ஸ் தலையை நீட்டி, நோயாளியின் பெயரைச் சொல்லி, "அட்டெண்டர் யாரு?" என்று கூப்பிடுவார். ஊசி மருந்து வாங்கி வரச் சொல்வதற்கும் அதே குரல்தான், கெட்ட செய்தி சொல்வதற்கும் அதே குரல்தான். எழுந்து கதவருகே போகிறவரை எது என்று தெரியாது. உங்கள் உடம்பு ஒவ்வொரு முறையும் கெட்ட செய்திக்கே தயாராகி எழுந்திருக்கும். திடீரென்று எந்தச் சத்தம் கேட்டாலும் துள்ளி எழ வேண்டும் என்ற பழக்கம் அந்த வாசலில் வந்ததுதான். இன்று கரண்டி விழுந்தாலும் உடம்பு அதையே செய்கிறது.

பள்ளி அறிவியல் புத்தகத்தில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என்று பார்த்திருப்பீர்கள். இவை நம் விருப்பத்தைக் கேட்டு இயங்குபவை இல்லை. ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் பரிவு நரம்புகள் முந்திக்கொள்ளும். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலோட்டமாகும், தோளும் தாடையும் இறுகும், குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கைகால் தசைகளுக்குக் கூடும். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு செய்துகொள்ளும் இந்த ஏற்பாட்டை ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் கேனன் 1915இலேயே விவரித்திருக்கிறார். சற்றுத் தாமதமாக ஏறும் கார்டிசால் என்ற ஹார்மோன் இந்த நிலையை நீட்டித்து வைக்கும். ஆபத்து விலகியதும் எதிர்ப்பரிவு நரம்புகள் எல்லாவற்றையும் தணிக்க வேண்டும்.

உங்களுக்கு இந்தத் தணிவுதான் சரியாக நடக்கவில்லை. அறுவடை முடிந்த செய்தியை யாரும் வந்து சொல்லாததால், வெறும் வயலைப் பார்த்தபடி பரண் மேலேயே விழித்திருக்கும் காவல்காரரின் நிலைமையில் உங்கள் நரம்பு மண்டலம் இருக்கிறது. கடிதத்தில் நீங்கள் தனித்தனியாக எழுதியிருப்பவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருபவை. போன் அடித்தால் வயிறு கலங்குவது குடல் அந்தச் சமிக்ஞையை வாங்குவதால். கணக்கு பாதியில் மறப்பது, கவனத்தின் பெரும்பகுதி எந்நேரமும் ஆபத்தைத் தேடிக்கொண்டிருப்பதால். பையனிடம் கத்தியது, ஏற்கெனவே விளிம்பு வரை ஏறியிருந்த உடம்பு தண்ணீர் பாட்டில் விழுந்த சத்தத்தில் தாண்டிவிட்டதால். உங்கள் சுபாவம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே அவனை உட்காரவைத்து, "அம்மாவுக்கு இப்போ சத்தம் கேட்டா ரொம்பப் பதறுது, உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லியிருந்தால் நல்லது. சொல்லவில்லை என்றால் இன்று சொல்லுங்கள். அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றியதை அவனும்தான் பார்த்திருப்பான்.

அவர் தேறிய பிறகு ஏன் இது வந்தது என்ற உங்கள் நாத்தனாரின் கேள்வி பலரும் கேட்பதுதான். நெருக்கடி நடக்கும்போது நம்மில் நிறையப் பேருக்கு ஒன்றும் தெரியாது. ஓடவேண்டியதை ஓடி முடிப்போம். ஆள் வீடு திரும்பி, சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் போய், எல்லாம் அடங்கிய பிறகுதான் உடம்பு தளர்வதும் பதறுவதும் வெளியே தெரியும். அவர் நன்றாக இருப்பதும் நீங்கள் நன்றாக இல்லாததும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். நாத்தனாரிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், வாதாட வேண்டாம்.

நரம்புத் தளர்ச்சியா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளதை வைத்துப் பார்த்தால் நரம்புகளில் சேதமோ பலவீனமோ இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. சத்து ஊசி, டிரிப் என்று யாராவது சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். பி12 குறைவாக இருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னால் மட்டும் அந்த ஊசியில் அர்த்தம் உண்டு. ஏழு நாளில் நரம்பு மண்டலத்தை ரீசெட் செய்வதாகப் போனில் வரும் கட்டண வகுப்புகளுக்கும், அட்ரினல் களைத்துவிட்டது என்று பயமுறுத்தி விற்கும் பவுடர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அட்ரினல் களைப்பு என்றொரு நோயை நாளமில்லாச் சுரப்பி நிபுணர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு பரிசோதனை விடுபட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் பார்த்தீர்களா? 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகையிலும் படபடப்பு வரும், சோர்வு வரும், கவனம் சிதறும். சர்க்கரை, பி12 இரண்டையும் அதோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். 43 வயதில் மாதவிடாய் ஒழுங்கு மாறத் தொடங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரவில் வியர்த்து முழிப்பு வர அது ஒரு காரணமாகலாம். மாடி ஏறும்போது நெஞ்சு அழுத்துவது, மயக்கம் போட்டு விழுவது, காரணமில்லாமல் எடை குறைவது மாதிரி எது வந்தாலும் "எக்கோ நார்மல்" என்று சும்மா இருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

இப்போது அந்த 3 மணிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் மையம் அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும். பின்பாதியில் தூக்கம் இலேசாகும், கனவுகள் கூடும், விடியலுக்குத் தயாராக கார்டிசாலும் மெல்ல ஏறத் தொடங்கும். எல்லோருமே அந்த நேரத்தில் ஓரிரு முறை புரண்டு, அரைகுறையாக முழித்து, மறுபடி தூங்கிப்போகிறோம். காலையில் அது நினைவில்கூட இருக்காது. உங்கள் மூளை காவலில் இருப்பதால் அந்த அரைகுறை முழிப்பைப் பிடித்து முழு முழிப்பாக்கிவிடுகிறது. அவருக்கு வலி வந்ததும் இரவில்தான் என்பதால், இருட்டும் படுக்கையும் சேர்ந்தாலே அதற்கு எச்சரிக்கையாகிவிடுகிறது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்வதுதான் காவலை நீட்டிக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறீர்கள், விரலில் மூச்சுக்காற்று படுகிறது, ஒரு நிமிஷம் நிம்மதி. அந்த ஒரு நிமிஷ நிம்மதியிலிருந்து மூளை தப்பான ஒரு முடிவுக்கு வருகிறது: நான் எழுந்து பார்த்தேன், அதனால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கணக்கு வாத்தியாரம்மாவிடம் இதை விளக்கத் தேவையில்லை. பார்க்காத இரவு ஒன்றுகூட இல்லாதபோது, பார்ப்பதற்கும் அவர் நன்றாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று மூளை எப்படித் தெரிந்துகொள்ளும்? அதனால் நாளைக்கும் 3 மணிக்கு எழுப்பும். அவரைக் காப்பது நீங்கள் விரல் வைத்துப் பார்ப்பது இல்லை. நாள் தவறாமல் போடும் மாத்திரை, கட்டுக்குள் இருக்கும் பிபியும் கொழுப்பும், புகையிலை இல்லாமல் இருப்பது, நடை, இதய மருத்துவரிடம் காட்டும் தேதியைத் தள்ளிப்போடாமல் இருப்பது, இவைதான் காக்கின்றன.

ஆனால் இன்று இரவே பார்ப்பதை அடியோடு நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். அது நடக்காது, நடக்காதபோது உங்கள் மேலேயே உங்களுக்கு வெறுப்பு வரும். முதலில் விரல் வைப்பதை மட்டும் விடுங்கள். கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். அது பழகியதும், முழிப்பு வந்தவுடன் திரும்பிப் பார்க்காமல், மல்லாந்து படுத்தபடி பத்து மூச்சு நிதானமாக விட்டுவிட்டுப் பாருங்கள். அந்தப் பத்து மூச்சில் பயம் கிடுகிடுவென்று ஏறும், இப்போதே பார்த்தால்தான் ஆச்சு என்று தோன்றும். தோன்றட்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் பயம் ஏறிய மாதிரியே தானாக இறங்குவதை நீங்களே உணர்வீர்கள். அதை உடம்பு ஒருமுறை அனுபவித்துப் பார்ப்பதுதான் மருந்து. அப்புறம் பத்தை இருபதாக்குங்கள். பிறகு ஒருநாள் பார்க்காமலே மறுபக்கம் திரும்பிப் படுப்பீர்கள். சில இரவுகளில் தாங்காமல் விரல் மறுபடி போகும். போகட்டும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

முழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். கடிகாரத்தைத் திருப்பி வையுங்கள், போன் அடுத்த அறையில் சார்ஜில் இருக்கட்டும். தூக்கம் கலைந்து வெகுநேரம் புரண்டுகொண்டிருப்பதாகத் தோன்றினால் எழுந்து ஹாலுக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் துணி மடிப்பது மாதிரி சலிப்பான வேலை ஏதாவது செய்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுங்கள். ஆனால் அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்த உட்காராதீர்கள். காலையில் எப்போதும் எழும் நேரத்துக்கே எழுந்துவிடுங்கள். மதியம் 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் குடிக்கும் டீயின் ஒரு பங்கு நீங்கள் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும்.

மூச்சைப் பற்றிச் சொன்னேன். இதை எப்படிச் செய்வது என்பது முக்கியம், ஏனென்றால் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். பதறும்போது "நல்லா மூச்சை இழு" என்பார்கள். வேகவேகமாக, ஆழமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்து, தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம் கூடும். கவனிக்க வேண்டியது மூச்சு வெளியே போவதைத்தான். நாம் மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாகச் சற்றுக் குறைகிறது. எனவே மூக்கால் நாலு எண்ணும் வரை மெதுவாக இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். காலையும் மாலையும் ஐந்து நிமிடம், மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே செய்து பழகுங்கள். பழகாத உடம்பு பதற்றத்தின் நடுவில் இதைக் கேட்காது. நாடி சுத்தி தெரியும் என்றால் அதுவும் நல்லதுதான். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான பயிற்சிகளை இந்தச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள்.

தசையை இறுக்கித் தளர்த்துவதும் உதவும். 1920களில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்துக் கொடுத்த முறை இது. படுக்கும் முன் முஷ்டியை ஐந்து நொடி இறுக்கி, சட்டென்று விட்டுவிடுங்கள். பிறகு தோளைக் காதுவரை தூக்கி விடுங்கள், தாடையை இறுக்கி விடுங்கள், வயிறு, தொடை, பாதம் என்று இறங்குங்கள். பகலில் வகுப்பு மாறும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கின்றனவா? ஒட்டியிருந்தால் தாடையைத் தளர விடுங்கள். நாள் முழுக்கப் பல்லைக் கடித்தபடி இருந்தது பலருக்கு அப்போதுதான் தெரியும்.

போனுக்கு ஒரு வழி சொல்கிறேன். சைலன்ட்டில் போடாதீர்கள், ஏதாவது தவறவிட்டிருப்போமோ என்று நிமிஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வைக்கும். ரிங்டோனை மாற்றிவிட்டு, நெருங்கிய ஒருவரிடம், உங்கள் தங்கையோ தோழியோ, ஒரு நாளைக்கு இரண்டு முறை நேரம் சொல்லாமல் கூப்பிடச் சொல்லுங்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு வைத்துவிடட்டும். போன் அடித்தால் கெட்ட செய்தி என்று உடம்பு பிடித்துவைத்திருப்பது, குழம்பு விசாரிக்கும் போன்கள் சேரச் சேரத்தான் இளகும்.

இவை எல்லாம் ஒரு பங்குதான். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அவருடைய மாத்திரை, பிபி, உப்பு எல்லாம் நான் கவனித்துக்கொள்கிறேன் என்று. பள்ளி வேலை, வீட்டு வேலை, பையனின் படிப்பு, இவற்றோடு ஒரு நர்ஸ் வேலையும் பத்து மாதமாக லீவு இல்லாமல் பார்க்கிறீர்கள். காவல் பொறுப்பு முழுக்க உங்களிடமே இருக்கும்வரை உடம்பு காவலிலிருந்து இறங்காது. மூச்சுப் பயிற்சியால் மட்டும் இதைச் சரிசெய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில் நீங்கள் எல்லாவற்றையும் பார்த்தது நியாயம். இன்று காலையில் நடந்து, கடைக் கணக்கு பார்க்கும் ஒருவர் தன் மாத்திரையைத் தானே எடுத்துப் போட முடியும்.

ஏழு நாளுக்கும் தனித்தனி அறை உள்ள மாத்திரை டப்பா மெடிக்கலில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அவரே அதை நிரப்பட்டும், முதல் ஓரிரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைகளை இதய மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, அதை அவர் தன் பொறுப்பாகவே தெரிந்துவைத்திருப்பது அவருக்கும் பாதுகாப்பு. பிபி பார்த்து நோட்டில் எழுதுவதும் அவர் வேலை. எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அடுத்த முறை மருத்துவரிடம் அவரே கேட்கட்டும். முதல் வாரம் உங்களுக்குக் கை பரபரக்கும், டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கத் தோன்றும். அதுவும் மூக்கருகே விரல் வைப்பதைப் போன்றதுதான். அதே மாதிரி மெல்ல விடுங்கள்.

அவசரம் என்றால் என்ன செய்வது என்பதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்து ஓய்வெடுத்தும் குறையவில்லை, வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் 108. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்போது வைக்க வேண்டும் என்பதையும் அவரிடம் கேட்டு அதில் எழுதுங்கள். அதை உங்கள் பையனும் படித்திருக்கட்டும். தாளில் ஏறிவிட்டதை இரவெல்லாம் நீங்கள் மனதில் சுமக்க வேண்டாம், அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே ஆளாகவும் இருக்க வேண்டாம்.

அந்த இரவைப் பற்றிக் கணவரிடம் எப்போதாவது முழுக்கப் பேசியிருக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் பேசுவதில்லை. அவருக்கு எதற்குக் கவலை என்று மனைவியும், அவளை எதற்கு அழவைக்க வேண்டும் என்று கணவரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆம்புலன்ஸில் நீங்கள் என்ன பார்த்தீர்கள், ஐசியு வாசலில் என்ன நினைத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் 3 மணிக்கு எழுவதும் தெரியாமல் இருக்கலாம். உட்கார்ந்து சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்லுங்கள், அவர் இதயம் அதைத் தாங்கும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. சொல்லத் தொடங்கினாலே உடம்பு நடுங்கி, அந்த இடத்திலேயே மறுபடி இருப்பது மாதிரித் தோன்றினால் நிறுத்திவிட்டு, அதற்கென்று பயிற்சி பெற்ற உளவியலாளரோடு சேர்ந்து செய்வது நல்லது.

மாத்திரைக்கு வருவோம். நீங்கள் பெயர் எழுதவில்லை. நம் பக்கத்தில் தூக்கத்துக்கென்று கொடுக்கும் சின்ன மாத்திரை பெரும்பாலும் அல்பிரசோலம் அல்லது குளோனசெபம் வகையாக இருக்கும். ஓரிரு வாரத்துக்கு அது உதவும். நாலு மாதம் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அதே அளவில் தூக்கம் வராது, மறதியும் கூடலாம். வகுப்பில் கணக்கு மறப்பதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். ஆனால் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் அடியோடு போகும், கைநடுக்கமும் கடும் பதற்றமும் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் நீங்களாக வாங்குவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மனநோயா என்ற கேள்விக்கு நேரில் பார்க்காமல் பெயர் சூட்டுவது சரியில்லை. பதற்றக் கோளாறு, அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பு, மனச்சோர்வு மூன்றில் எதுவும் இதில் கலந்திருக்கலாம். மூன்றுக்குமே நல்ல சிகிச்சை உண்டு. பேச்சு சிகிச்சை போதுமா, பழக்கமாகாத வகை மாத்திரை ஒன்றும் தேவையா என்பதை நேரில் பேசித்தான் முடிவு செய்ய முடியும். அந்த வகை மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால், நாலே நாளில் "ஒண்ணும் கேக்கல" என்று விட்டுவிடக் கூடாது. பத்து மாதம் ஆகிவிட்டது, வேலையும் வீடும் பாதிக்கப்படுகின்றன. அதனால் நான் மேலே சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு அப்புறம் போகலாம் என்று தள்ளிப்போடாமல், இந்த மாதமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் கட்டணம் இல்லாமலே பார்க்கலாம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற இந்த மத்திய அரசு உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள், அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

தேறுவது நேர்கோட்டில் நடக்காது. ஒரு வாரம் நன்றாகத் தூங்குவீர்கள், அடுத்த வாரம் எங்கோ டெட்டால் வாடை வந்ததும் எல்லாம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஒன்றிரண்டு நாளில் தணிந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். வரும் ஆவணியிலும் அப்படி ஆகலாம், அந்தத் தேதி நெருங்கும்போது காரணம் தெரியாமலே உடம்பு பதறும். அந்த வாரம் விசேஷ வகுப்பு, உறவினர் வீட்டு விருந்து என்று எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள், முடிந்தால் உங்கள் தங்கையை வந்து இரண்டு நாள் இருக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அந்தத் தூக்க மாத்திரை அட்டையையும், எடுத்த பரிசோதனைகளின் தாள்களையும், ஹீமோகுளோபின் முடிவையும் கொண்டுபோங்கள். ஒரு வாரம் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று காலையில் குத்துமதிப்பாக எழுதிய குறிப்பு இருந்தால் அவருக்கு வசதியாக இருக்கும். கணவரையும் கூட அழைத்துப்போங்கள். இந்த முறை அட்டெண்டராக அவர் வரட்டும்.